மலையிலிருந்து மரம் இறக்கிய ரயில்கள்

நீலகிரிக்கு ரயில் உண்டு, டார்ஜிலிங்குக்கு உண்டு, சிம்லாவுக்கு உண்டு, பம்பாய்க்கு அருகிலுள்ள மாதேரானுக்குக் கூட உண்டு. கோடைக்கானலுக்கு மட்டும் ஏன் இல்லை? கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 50 மைல் தூரம் மலைப் பாதையில் வளைந்து வளைந்து ஏறித் தலை சுற்றிப் போகும் குழந்தைகள் கேட்கும் கேள்வி இது. கேள்வி சிறியதாயினும் அதற்கு விடை தேடப் புகுந்தால் நம் நாட்டு மலைகள், காடுகள், ஆறுகள் ஆகியவற்றின் நூறு வருஷத்துச் சரித்திரம் முழுவதும் கண் முன் வந்து நிற்கிறது. ஆகவே நேயர்களுடன் சேர்ந்து நாமும் அந்த வழியே சற்றுத் தூரம் போய்ப் பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். மலை மேல் ரயில் போடுவது மனிதர்கள் காற்று வாங்குவதற்காக மட்டும் அன்று. கீழே இறக்குவதற்கு ஏதேனும் பெரிய சரக்கு இருந்தால்தான் மலை ரயிலுக்குப் பணம் போடுகிறவர்கள் முன்வந்தார்கள். டார்ஜிலிங்கில் தேயிலை இருந்தது. நீலகிரியில் காப்பியும் தேயிலையும் இருந்ததோடு, வெயில் காலத்தில் சென்னை ராஜதானியின் சர்க்காரே உதகமண்டலத்துக்குக் குடியேறி விடும் வழக்கமும் இருந்தது. சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ள கோடைக்கானலோ, 1845-ஆம் வருஷத்தில் அமெரிக்கப் பாதிரிமார்கள் ஜுரத்துக்குப் பயந்து வீடு கட்டிக் கொண்ட இடம். 1863-இல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடைக்கு அணை போட்டு அங்கே ஏரியை உண்டாக்கினார். 1899-இல் சூரியனை ஆராயும் வானாராய்ச்சிக் கூடம் அங்கே ஸ்தாபிக்கப்பட்டது. ஆனால் ரயில் வண்டிகளை நிரப்பக் கூடிய சரக்கு அங்கே இல்லை.

அதனால் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் 'லாஸ் காட்' என்ற மலை ரோடு போட்டு முடியும் வரையில், கோடைக்கானலுக்கு வேண்டிய அத்தனையும் மனிதர்களின் தோளிலும் தலையிலுமே ஏறின. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் மாட்டு வண்டி போகும். அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தான பாதை. கனவான்களும் சீமாட்டிகளும் டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்து போனார்கள். அவர்களைத் தூக்கிச் சென்றவர்கள் நம் ஊர் ஏழை ஜனங்கள். அந்தப் பாதைக்கு வெள்ளையர் இட்ட பெயரே 'கூலி காட்' என்பதாகும். யந்திரம் ஏறாத மலையில் மனிதனே யந்திரமாக வேண்டியிருந்தது.

மலையும் சக்கரமும்

மலையில் ரயில் ஏறுவது ஏன் கஷ்டம் என்பதைச் சிறு கணக்கினால் அறிந்து கொள்ளலாம். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருளுவதால்தான் ரயில் வண்டியை இழுப்பது சுலபமாயிருக்கிறது. ஆனால் அதே வழவழப்பு ஏற்றத்தில் விரோதியாகி விடுகிறது. தண்டவாளம் உலர்ந்திருக்கும்போது, நீராவியினால் சுழலும் சக்கரங்கள் தாங்கும் பாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அளவுக்கே இஞ்சின் இழுக்க முடியும். அதற்கு மேல் இழுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும்.

பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தை எடுத்துக் கொள்வோம். நீலகிரி ரயில் பாதையின் கடுமையான ஏற்றம் இதுதான். அங்கே ஒவ்வொரு டன் பாரமும் தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு பலத்தோடு பின்னால் இழுக்கிறது. சக்கரங்கள் முழுவதும் சுழலும் 30 டன் இஞ்சின் ஏழரை டன் பலத்தோடு இழுப்பதாக வைத்துக் கொண்டால், உராய்வும் சேர்த்துப் பார்க்கையில், இஞ்சின் தன்னையும் சேர்த்துச் சுமார் 80 டன்னைத்தான் மேலே கொண்டு போகும். மழை பெய்து தண்டவாளம் நனைந்து விட்டாலோ அது 50 டன்னாகக் குறைந்து போகும். அதில் 30 டன் இஞ்சினே! மலையிலோ மழைக்குக் குறைவில்லை.

இந்தச் சங்கடத்துக்கு உலகம் கண்ட பரிகாரங்கள் நாலு. தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையை அமைத்து, இஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக் கொண்டு ஏறும்படி செய்வது ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூருக்கும், 1908-இல் உதகமண்டலத்துக்கும் போன 29 மைல் ரயில் பாதையில், மலையேறும் பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. கம்பி வடத்தைக் கட்டி இழுப்பது மற்றொன்று. இறங்கும் பாரத்தைக் கொண்டே ஏறும் பாரத்தை இழுப்பது மூன்றாவது. நாலாவது பரிகாரம் இஞ்சினின் உள்ளுறுப்பையே மாற்றியமைப்பது. அது அமெரிக்காவில் ஒரு மரவியாபாரியின் மூளையில் உதித்தது.

மரவியாபாரி செய்த இஞ்சின்

மிச்சிகன் மாகாணத்தில் எஃப்ரெயிம் ஷே என்பவர் காட்டில் மரம் வெட்டி அறுக்கும் தொழில் நடத்தி வந்தார். காட்டிலிருந்து ஆலைக்கு மரம் கொண்டு வர, மரத்தினாலேயே தண்டவாளம் போட்டிருந்தார். சாதாரண இஞ்சினை அதன் மேல் ஓட்டிப் பார்த்ததில் பாதை சிதைந்து போயிற்று. ஆனால் அதே பாதையில் பெரிய மரங்களை ஏற்றிய வண்டிகள் யாதொரு சேதமும் இன்றி ஓடின. காரணம் என்னவென்று அவர் யோசித்தார். வண்டிகளின் சக்கரங்கள் நாலு நாலாகத் தனித்தனிச் சட்டங்களில் அமைந்து, வளைவு வந்த இடத்தில் தாமே திரும்பிக் கொடுத்தன. பாரமும் பல சக்கரங்களில் பரவி நின்றது. இஞ்சினையும் அப்படியே அமைத்தால் என்ன?

இந்த யோசனையிலிருந்து பிறந்த இஞ்சினுக்கு 1881-ஆம் வருஷத்தில் அவர் காப்புரிமை பெற்றார். அதைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். பாய்லர் நடுவில் இராமல் இடது பக்கம் ஒதுங்கியிருக்கும். வலது பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கும். அவற்றின் தண்டுகள் மேலும் கீழும் இயங்கி, இஞ்சினின் நீளத்துக்கும் ஓடும் ஓர் இரும்பு அச்சைச் சுழற்றும். அந்த அச்சில் ஆங்காங்கே மூட்டுக்கள் இருப்பதால் வளைவுகளில் அது மடங்கிக் கொடுக்கும். அச்சிலுள்ள பல்சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரச் சட்டத்திலும் உள்ள பெரிய பல்சக்கரங்களைப் பற்றிச் சுற்றும். தண்ணீரும் விறகும் சுமக்கும் பின்வண்டியின் சக்கரங்களுக்குக் கூட இந்தச் சுழற்சி போய்ச் சேரும். ஆகவே இஞ்சினின் எடையில் ஓர் இராத்தல் கூட வீணாவதில்லை. முழுப் பாரமும் தண்டவாளத்தைப் பற்றுவதற்குப் பயன்படும்.

சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறையும், பலம் கூடும் என்பது நம் கிராமத்துக் கரும்பு ஆலையைப் பார்த்தவர்களுக்குப் புதிதன்று. ஷே இஞ்சின் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேல் ஓடாது. ஆனால் மற்ற இஞ்சின்கள் வழுக்கி நிற்கும் ஏற்றத்தில், கோணல் மாணலாகப் போட்ட பாதையில், அது திணறாமல் நிதானமாக ஏறிப் போகும். ஒஹையோ மாகாணத்து லைமா நகரில் இந்த வகை இஞ்சின்கள் 1945 வரையில் ஏறக்குறைய 2,770 செய்யப்பட்டன. இதைப் பின்பற்றி 'கிளைமாக்ஸ்', 'ஹைஸ்லர்' என்ற வேறு இரண்டு வகைகளும் தோன்றின. மூன்றுக்கும் முக்கியமான தொழில் ஒன்றே: காட்டில் வெட்டிய மரத்தைக் கீழே கொண்டு வருவது. மரம் தீர்ந்த இடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து அடுத்த காட்டில் போட்டார்கள். இஞ்சின் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாய் ஏறிற்றோ அவ்வளவு சீக்கிரமாய் மலைகள் மொட்டையாயின.

கோடைக்கானலைப் போன்ற ஒரு மலை

இந்த இஞ்சின் ஆசியாவில் செய்த வேலையைப் பார்க்கத் தைவான் தீவிலுள்ள அலிஷான் மலைக்குப் போக வேண்டும். அதன் உயரம் ஏறக்குறைய கோடைக்கானலின் உயரமே. அங்கும் பனிமூட்டம், குளிர், அடர்ந்த காடு எல்லாம் உண்டு. காட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்கள் வளர்ந்த சைப்ரஸ் மரங்கள் நின்றன. தைவான் அப்போது ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தது. அவர்கள் கடல் மட்டத்திலிருந்து நூறடி உயரங்கூட இல்லாத ஜியாயி நகரத்திலிருந்து மலை உச்சிக்கு ஏறக்குறைய 44 மைல் நீளத்துக்குச் சிறிய ரயில் பாதை அமைத்தார்கள். பாதை ஓரிடத்தில் ஒரு குன்றைத் திருகாணி போலச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. பதினாறு அடிக்கு ஓர் அடி உயரும் அந்தப் பாதையில் ஓட்டுவதற்கு அமெரிக்காவிலிருந்து ஷே இஞ்சின்களை வரவழைத்தார்கள். 18 டன், 28 டன் என்று இரு வகை. 1912 முதல் மரம் இறங்கத் தொடங்கிற்று. ஒரு தேசத்தின் மலையில் வளர்ந்த மரம் இன்னொரு தேசத்தின் கட்டடங்களுக்குத் தூணாகப் போயிற்று.

பிறகு பெரிய மரங்கள் தீர்ந்தன. மரம் இறக்கிய பாதையில் இப்போது உல்லாசப் பிரயாணிகள் ஏறுகிறார்கள். 2009-இல் பெரும் புயலினால் மலை சரிந்து பாதை அறுந்தது. அதைச் சீர்செய்து முழுப் பாதையையும் மறுபடி திறப்பதற்கு 2024 வரையில் ஆயிற்று. வெட்டியது சில பத்து வருஷங்களில். மலையைக் கட்டிக் காப்பதோ முடிவில்லாத வேலை.

கோடைக்கானலில் ரயில் இல்லாதது துரதிருஷ்டமா, அதிருஷ்டமா என்ற சந்தேகம் இந்த இடத்தில் நேயர்களுக்கு எழலாம். விடை சொல்லுமுன் நம் பக்கத்து மலையில் நடந்ததையும் பார்த்து விடுவோம்.

பரம்பிக்குளத்து டிராம்வே

கோடைக்கானலிலிருந்து மேற்கே, மலைமுகட்டின் வழியாகவே போனால் பழனி மலைத் தொடர் ஆனைமலைத் தொடரோடு சேர்ந்து விடுகிறது. அந்த ஆனைமலையின் உட்புறத்தில் பரம்பிக்குளம் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அது முற்காலத்தில் கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தம். தேக்கும் ஈட்டியும் நிறைந்த காடு. ஆனால் சொத்து இருந்தும் அனுபவிக்க வழியில்லை. ஆற்றில் மரத்தை மிதக்க விடலாமென்றால், சாலக்குடி ஆறு அதிரப்பள்ளி முதலிய இடங்களில் பேரருவியாக விழுகிறது. மரம் சிதறிப் போகும். கிழக்கே இறங்கலாமென்றால் அது பிரிட்டிஷ் சர்க்காரின் கோயமுத்தூர் ஜில்லா. தன் மரத்தைத் தன் எல்லைக்குள்ளேயே இறக்க வேண்டுமென்று சமஸ்தானம் தீர்மானித்தது.

1902-இல் ஷோரனூரிலிருந்து கொச்சிக்கு ரயில் வந்து விட்டது. அந்தப் பாதையில் உள்ள சாலக்குடி ஸ்டேஷனிலிருந்து பரம்பிக்குளம் வரையில் 49½ மைல் நீளத்துக்கு 'ஃபாரஸ்ட் டிராம்வே' அமைக்கப்பட்டது. 1905-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் சென்னைக் கவர்னராயிருந்த ஆம்ட்ஹில் பிரபு அதைச் சம்பிரதாயமாகத் திறந்து வைத்தார்; 1907-இல் வேலை தொடங்கிற்று. சமமான இடங்களில் வண்டிகளை இழுக்க பெர்லின் நகரத்து ஆரன்ஸ்டைன்–கொப்பல் கம்பெனியின் இஞ்சின்கள் வந்தன. வெள்ளிக்குளங்கரை, ஆனப்பாந்தம், கோமளப்பாறை, போத்துப்பாறை, காவலை, குரியார்குட்டி என்று காட்டுப் பெயர்களோடு கூடிய நிலையங்கள் வழி நெடுக ஏற்பட்டன.

ஆனால் மலைச்சரிவில் இந்த இஞ்சின்கள் ஏறவில்லை; ஏற வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அமெரிக்கர்கள் பல்சக்கரத்தினால் செய்த காரியத்தை இங்கே மரத்தின் பாரமே செய்தது. சரிவின் உச்சியில் பெரிய உருளை ஒன்று. அதைச் சுற்றிய எஃகு வடம். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டிகள், மறு முனையில் காலி வண்டிகள். மரவண்டி தன் பாரத்தினால் கீழே இறங்கும்போது காலி வண்டி தானே மேலே ஏறும். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று விலகிக் கொள்ளும். நிலக்கரி வேண்டாம், விறகு வேண்டாம், நீராவி வேண்டாம்.

இந்த உபாயத்தைத் தமிழர்களுக்கு விளக்கப் பொறியியல் நூல் தேவையில்லை. பழனிக்குப் போகிறவர்கள் அனைவரும் இடும்பன் கதையை அறிவார்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளை ஒரு தண்டின் இரு புறமும் கட்டி இடும்பன் காவடியாகத் தூக்கி வந்தான் என்பது புராணம். ஒரு மலையைத் தூக்க முடியாதவனும் இரண்டு மலைகளைச் சமனாகக் கட்டினால் நடக்கலாம் என்பதே காவடியின் ரகசியம். கொச்சிக் காட்டில் இறங்கும் வண்டியும் ஏறும் வண்டியும் ஒரு பெரிய காவடியின் இரண்டு பக்கங்களாக இருந்தன.

ஆனால் காவடியில் ஓர் அபாயம் உண்டு: ஒரு பக்கம் மிஞ்சி விட்டால் தூக்குகிறவனுடைய கதி அதோகதிதான். இங்கே மரத்தின் பக்கம் எப்போதும் மிஞ்சியேயிருக்கும். அந்த மிகுதியை அடக்கி வைப்பது பிரேக் ஒன்றே. மழையில் நனைந்த சரிவில், பல டன் தேக்கு மரம் கீழே இறங்கிக் கொண்டிருக்கையில், பிரேக்கைப் பிடித்திருந்த ஒரு தொழிலாளியின் கையில் எத்தனை பேருடைய உயிர் இருந்தது! கவர்னர் பெயரும் கம்பெனி பெயரும் சரித்திரத்தில் நின்று விட்டன. பிரேக் பிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. தண்டவாளம் வரை மரத்தை இழுத்து வந்து சேர்த்த யானைகளும் அவற்றின் பாகர்களும் அப்படியே.

இந்தக் காட்டில் ஆதியிலிருந்து வாழ்ந்து வருகிறவர்கள் காடர், மலசர் முதலிய மலைவாசிகள். தேனும் கிழங்கும் எடுத்துக் காட்டைக் கெடுக்காமல் வாழ்ந்தவர்களின் வாசலிலே திடீரென்று இரும்புப் பாதை வந்து இறங்கிற்று. அதே பாதை இன்னொரு விருந்தாளியையும் கொண்டு வந்து சேர்த்தது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராயப் புறப்பட்ட ஸலீம் அலி குரியார்குட்டியில் முகாம் போட்டார். மரம் எடுக்கப் போட்ட வழியில், மரத்தில் வாழும் பறவைகளைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தது விந்தைதான்.

பழனி மலையின் விளிம்பில்

பழனி மலைத் தொடரின் மேற்கு விளிம்பிலேயே ஒரு சிறிய ரயில் ஓடியதுண்டு என்பதை அநேகர் மறந்து விட்டார்கள். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 'டாப் ஸ்டேஷன்' என்ற மலைமுகட்டுக்கு அது வந்து சேர்ந்தது. 1902-இல் முதலில் போட்டது ஒரே தண்டவாளம். அதன் மேல் ஓடிய வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அதற்குப் பதிலாக இரண்டு அடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளமும் நீராவி இஞ்சினும் வந்தன. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் கட்டிய கம்பி வடத்தில் தொங்கிக் கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூருக்குப் போயின. தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போன நம் தமிழ் ஜனங்கள். தேயிலை வடத்தில் இறங்கியது. அவர்கள் மலையேறியது கால்நடையாக.

1924-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மலையாள தேசம் முழுவதும் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்தபடியால் மலையாளிகள் அதை இன்னும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே சொல்லுகிறார்கள். அந்த வெள்ளத்தில் குண்டளை ரயில் பாதை அடியோடு நாசமாயிற்று. மறுபடியும் யாரும் அதைப் போடவில்லை. மலை ஒரு தடவை கோபித்துக் கொண்டால் பதினாறு வருஷத்து இரும்பு வேலை சில நாட்களில் போய் விடுகிறது.

லாரி வந்தது

கொச்சி டிராம்வே 1963 வரையில் நீடித்தது. மோட்டார் லாரி வந்த பிறகு தண்டவாளத்துக்கு அவசியம் போய் விட்டது. அதே பத்தாண்டில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழும்பின. ஒரு காலத்தில் தேக்கு மரம் கொடுத்த பள்ளத்தாக்கு அன்று முதல் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கத்து வயல்களுக்கும் கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்துக்கும் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிற்று. 2010-இல் அந்தக் காடு புலிகள் காப்பகமாயிற்று. துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகளும் பாலத்தின் கால்களும் அங்கே எஞ்சியிருக்கின்றன. துணக்கடவுக்கு அருகில், வெட்டுக்குத் தப்பிய 'கன்னிமாரா' என்ற தேக்கு இன்னும் நிற்கிறது. அதன் அடிமரத்தின் சுற்றளவு 20 அடிக்கு மேல். அதை வெட்டப் போனபோது இரத்தம் கசிந்ததென்று காட்டுவாசிகள் சொல்லி வணங்குகிறார்கள். எல்லா மரங்களும் பேச முடிந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

பக்கத்திலேயே, தமிழ்நாட்டு எல்லைக்குள், 'டாப் ஸ்லிப்' இருக்கிறது. மலை உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டி விட்ட இடமாதலால் அந்தப் பெயர். அங்கே ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி, வெட்டிய தேக்கின் அடிக்கட்டை மறுபடி தளிர்ப்பதற்கு அவகாசம் கொடுத்தும், புதிதாகத் தேக்கு வளர்த்தும் காட்டைத் திரும்பவும் உண்டாக்கினார். 1933-இல் இறந்த அவருடைய சமாதி அந்தத் தேக்கு மரங்களின் நடுவே இருக்கிறது. எடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்ற கணக்கை அந்த அதிகாரி அறிந்திருந்தார்.

சரி, ரயில் ஏறாத பழனி மலை தப்பிற்றா? அதுதான் இல்லை. ரயிலுக்கு மறுக்கப்பட்ட மலையில் லாரி ஏறி விட்டது. கோடைக்கானலைச் சுற்றிப் பரந்து கிடந்த புல்வெளிகளை 'வெறும் நிலம்' என்று எண்ணி, தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரமும், விறகுக்காகவும் கூழுக்காகவும் யூகலிப்டஸும், பைன் மரமும் பல்லாயிரம் ஏக்கரில் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமாக நடந்தது. குற்றம் சொல்ல வெள்ளைக்காரர் இல்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, சுமார் நாற்பது வருஷங்களில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்து போயிற்று.

புல் போனால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. மலை உச்சியின் புல்வெளியும், அதன் மடிப்புக்களில் ஒதுங்கியிருக்கும் சோலைக்காடும் சேர்ந்து மழையைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக் கொண்டு, கோடையில் சிறிது சிறிதாக விடுகின்றன. தென்புறம் மஞ்சளாறும் வராக நதியும் இறங்கி வைகைக்குப் போகின்றன. வடபுறம் குதிரையாறும் சண்முக நதியும் இறங்கி அமராவதியைச் சேருகின்றன. காவடி எடுப்பவர் முழுகும் சண்முக நதி இந்த மலையின் தண்ணீர்தான். பெரியகுளத்தார் குடிப்பது மலை மேலுள்ள பேரிஜம் ஏரியின் தண்ணீர். ஆகவே கோடைக்கானல் புல்வெளியின் விஷயம் உல்லாசப் பிரயாணிகளின் விஷயம் அன்று. திண்டுக்கல், தேனி ஜில்லாக்களின் வீட்டுக் குடத்து விஷயம்.

2013-இல் பழனி மலையின் பெரும் பகுதி கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்நிய மரங்களைப் படிப்படியாக அகற்றிச் சோலையையும் புல்லையும் மீட்க வேண்டுமென்ற முயற்சியும் நடந்து வருகிறது. இதிலும் அவசரம் கூடாது. வாட்டில் மரத்தின் நிழலிலேயே சில இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டினால் அவையும் போகும். வெட்டிய இடத்தில் மண் சரியும். வாட்டில் விதை இன்னும் அடர்ந்து முளைக்கும். ஏற்றுவதற்கு மட்டுமல்ல, இறக்குவதற்கும் பிரேக் வேண்டுமென்பதைக் கொச்சிக் காட்டுத் தொழிலாளி நமக்குக் காட்டியிருக்கிறான்.

யந்திரத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. எஃப்ரெயிம் ஷேயின் பல்சக்கரமும் பரம்பிக்குளத்து எஃகு வடமும் மனித புத்தியின் அழகான வேலைகள். 1966 முதல் பழனி மலைக்கோயிலுக்கு ஓடும் 'வின்ச்' வண்டியும் தண்டவாளத்தில் வடத்தினால் ஏறுவதுதான். படியேற முடியாத எத்தனை முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது முருகன் சந்நிதியைக் காட்டியிருக்கிறது! கூலி காட்டில் டோலி சுமந்த தோள்களை நினைத்தால், யந்திரம் வேண்டாமென்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

நாம் சொல்ல வருவது ஒன்றே. மலையிலிருந்து எவ்வளவு இறக்கலாம் என்பதை இஞ்சினின் பலத்தைக் கொண்டு தீர்மானித்தார்கள். மலையின் பலத்தைக் கொண்டு தீர்மானிக்கவில்லை. மிச்சிகனிலும் அலிஷானிலும் பரம்பிக்குளத்திலும் நடந்த பிழை அதுவே. ரயில் இல்லாத பழனி மலையில் லாரியைக் கொண்டு நாமே செய்த பிழையும் அதுவே. அடுத்த தடவை கோடைக்கானலுக்குப் போகும் நேயர்கள், ஏரியைச் சுற்றி வந்ததும் குழந்தைகளை ஒரு சோலையின் ஓரமாக அழைத்துச் சென்று, அங்கே மண்ணிலிருந்து கசியும் தண்ணீரைக் காட்ட வேண்டும். மலையிலிருந்து தினமும் தானாக இறங்கும் சரக்கு அது ஒன்றுதான். அதற்குத் தண்டவாளமும் வேண்டாம், இஞ்சினும் வேண்டாம். மேலே காடும் புல்லும் இருந்தால் போதும்.